மலையில் ஐந்து நாள்: குளிப்பதா, துடைத்துக்கொள்வதா, மூட்டையில் எதை வைப்பது?

தமிழ்நாட்டிலிருந்து மலையேற்றத்துக்குக் கிளம்புகிறவர்களில் பலருக்கும், தொடர்ந்து நான்கைந்து இரவுகள் கூடாரத்தில் தங்கும் வாய்ப்பு முதன்முதலாக அமைவது இமயமலையில்தான். 2018 மார்ச்சில் குரங்கணியில் நேர்ந்த காட்டுத்தீக்குப் பிறகு நம் மாநிலத்துக் காடுகளில் மலையேற்றம் கடுமையான விதிகளுக்கு உட்பட்டதாகிவிட்டது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளும் பெரும்பாலும் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடியவை. காலையில் ஏறி, மாலையில் இறங்கி, இரவு வீட்டிலோ விடுதியிலோ குளித்துவிட்டுப் படுத்துவிடலாம் என்பதால், உடல் சுத்தம் அங்கே ஒரு கேள்வியாகவே எழுவதில்லை. மணாலிக்கு அருகிலுள்ள ஜோப்ராவில் நடக்கத் தொடங்கி, சிக்காவிலும் பாலு கா கேராவிலும் தங்கி, சுமார் 4,270 மீட்டர் உயரத்திலுள்ள ஹம்ப்தா கணவாயைக் கடந்து, ஷியா கோரு வழியாக லாஹௌல் பக்கம் சத்ருவில் இறங்கும் ஐந்து நாள் பயணத்துக்குப் பணம் கட்டிய பிறகுதான் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது. "அஞ்சு நாள் குளிக்காம எப்படிங்க இருக்கிறது?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு.

அந்தப் பாதையில் இரண்டு முறை போய்வந்தவன் என்ற முறையில், இருக்கிற வழிகள் ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்ல முயல்கிறேன். அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மலையில் நம்மிடம் உள்ள வெந்நீரும், எரிவாயுவும், வெயில் நேரமும், முதுகில் சுமக்கக்கூடிய எடையும் மிகக் குறைவு. அவற்றை எந்த அழுக்குக்கு முதலில் செலவிடுவது என்பதில்தான் முடிவு இருக்கிறது. கையிலிருந்து வாய்க்குப் போகும் அழுக்கு ஆளைப் படுக்கவைத்துவிடும். அக்குள், தொடை இடுக்கு, கால்விரல் இடுக்கு ஆகிய ஈரம் தேங்கும் இடங்களின் அழுக்கு புண்ணாகி நடையைக் கெடுக்கும். முதுகிலும் தலைமுடியிலும் சேரும் தூசும் வியர்வையும் மனத்துக்குச் சங்கடம் தருமே தவிர, ஐந்து நாளில் உடம்புக்குக் கெடுதல் எதுவும் செய்வதில்லை. வீட்டுக் குளியலறையில் தலையில் ஊற்றிய தண்ணீர் இந்த மூன்றையும் ஒன்றாகக் கழுவிவிடுவதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை. மலையில் இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

கையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலான முகாம்களில் வயிற்றுப்போக்கோடு திரும்புகிறவர்கள் தண்ணீரைத்தான் குறை சொல்கிறார்கள். பல நேரங்களில் குற்றவாளி அவரவர் கையாகவோ, சப்பாத்தியைப் பகிர்ந்துகொண்ட நண்பரின் கையாகவோ இருக்கும். சோப்பா, சானிடைசரா என்று கேட்டால் பெரும்பாலோர் சானிடைசர் பக்கம்தான் சாய்வார்கள். எடை குறைவு, குளிர்ந்த நீரில் கை வைக்க வேண்டியதில்லை என்ற வசதி அவர்களை இழுக்கிறது. ஆனால் குறைந்தது 60 விழுக்காடு ஆல்கஹால் உள்ள சானிடைசரும், கண்ணுக்குத் தெரியும் மண்ணோ எண்ணெயோ படிந்த கையில் சரியாக வேலை செய்யாது. வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நோரோவைரஸை அது நம்பும்படி அழிப்பதில்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் ஓட்டை அதனால் உடைக்கவும் முடியாது. சோப்பு இவற்றைக் கொல்வதைவிட, தோலிலிருந்து பெயர்த்து நீரோடு கழுவி விடுகிறது என்பதால் அங்கே அது வெல்கிறது. உலக சுகாதார நிறுவனம் சோப்பால் கை கழுவ 40 முதல் 60 விநாடியும், சானிடைசரைத் தேய்க்க 20 முதல் 30 விநாடியும் சொல்கிறது.

நமக்கு இதில் கூடுதலாகக் கவனிக்க ஒன்று உண்டு. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள், கழிப்பிடத்தில் தண்ணீரால் கழுவுகிறவர்கள். இரண்டுமே நல்ல பழக்கங்கள். இரண்டுக்கும் அடிப்படை, நடுவில் சோப்பு வந்தாக வேண்டும் என்பது. ஆகவே என் பரிந்துரையில் தயக்கம் இல்லை: சாப்பாட்டுக்கு முன்னும் கழிப்பிடத்துக்குப் பின்னும் சோப்பு, நடக்கும்போது இடையில் பிஸ்கட்டோ பேரீச்சம்பழமோ எடுத்துத் தின்ன, கை ஓரளவு சுத்தமாக இருக்கும் நேரத்தில் சானிடைசர். சோப்புக் கட்டி ஈரமாகிக் குழைந்துபோகும் என்பதால், சின்ன மூடிபோட்ட புட்டியில் 50 மில்லி திரவ சோப்பு போதும். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியின் மூடியில் ஊசியைச் சூடாக்கி நான்கைந்து துளை போட்டுவிட்டால், புட்டியைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, 200 மில்லி நீரில் ஒருவர் இரு கைகளையும் நன்றாகக் கழுவிவிடலாம். எங்கள் குழுவில் இதை உணவுக் கூடாரத்தின் வாசல் கம்பியில் கட்டிவைத்தோம். கண்ணில் படுகிற இடத்தில் இருந்ததால்தான் எல்லாரும் பயன்படுத்தினார்கள். சானிடைசர் எளிதில் தீப்பற்றும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதைத் தேய்த்த ஈரக் கையோடு அடுப்புப் பக்கம் போகக்கூடாது.

இனி உடம்பு. இதற்கு நான்கு வழிகள் உண்டு: ஓடையில் குளிப்பது, வெந்நீர் வாளிக் குளியல், வெட் வைப்ஸ், வெந்நீரில் நனைத்த துண்டு.

ஓடையில் குளிப்பதுதான் மனத்தை முதலில் இழுக்கும். குற்றாலத்திலும் பாபநாசத்திலும் நின்று பழகிய உடம்பு, ஓடும் நீரைக் கண்டால் கேட்காமலே சட்டையைக் கழற்றும். ஆனால் பாலு கா கேரா முகாமை ஒட்டி ஓடுவது பனி உருகிய நீர். காற்றைவிட நீர் உடற்சூட்டைப் பல மடங்கு வேகமாகப் பறித்துக்கொள்ளும். அங்கே மாலையில் நனைந்த உடம்பை மறுபடி சூடாக்க வெயிலும் இருக்காது. முதல் முறை போனபோது எங்களோடு வந்த நண்பர் ஒருவர், மதியம் முகாமுக்கு வந்து சேர்ந்த களைப்பில், நல்ல வெயில் அடிக்கிறதே என்று நான்கு மணி வாக்கில் ஓடையில் தலையை முக்கினார். அவர் துவட்டி முடிப்பதற்குள் சூரியன் மேற்கு முகட்டுக்குப் பின்னால் போய்விட்டது. பள்ளத்தாக்கில் மாலை மெதுவாக வருவதில்லை. நிழல் விழுந்த அந்த நிமிடமே குளிர் இறங்கிவிடும். பத்து நிமிடத்தில் அவருடைய விரல்கள் சட்டைப் பொத்தானைப் பிடிக்க மறுத்தன, உதடு நீலம் பாரித்தது, பேச்சு குழறியது. இரண்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் அவரைப் போட்டு, வெந்நீர் நிரப்பிய புட்டிகளை அக்குளில் வைத்து, சர்க்கரை போட்ட தேநீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, நடுக்கம் நிற்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மறுநாள் கணவாய் ஏற வேண்டிய நாள். அன்றிரவு நாங்கள் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

உயரத்தில் குளித்தால் மலைநோய் வரும் என்று சில வழிகாட்டிகள் சொல்வதுண்டு. மலைநோய்க்குக் காரணம், உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைந்து, மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவதுதான்; குளியல் அதை உண்டாக்குவதில்லை. ஆனாலும் அவர்கள் தடுப்பது சரியே. உடல் குளிர்ந்து நடுங்குகிறவருக்கு வரும் தள்ளாட்டமும் சோர்வும் மலைநோயின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால், எது எதுவென்று பிரித்தறிவது கடினமாகிவிடும். தவறாகக் கணித்தால் இறக்க வேண்டியவரை இறக்காமல் விட்டுவிடுவோம். வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் ஆண்டிசுனையின் சில்லென்ற நீரில் முழுகி எழுந்து ஏழாவது மலை ஏறுகிறார்களே என்று கேட்கலாம். அந்த மலை 2,000 மீட்டருக்கும் குறைவான உயரம், காலம் மாசி பங்குனி, இறங்கியதும் வீடு திரும்பும் பயணம். இந்த மூன்றும் ஹம்ப்தாவில் இல்லை. ஆகவே 3,000 மீட்டருக்கு மேல் ஓடைக் குளியலை நான் முற்றாகத் தள்ளிவிடுகிறேன்.

வெந்நீர் வாளிக் குளியல் பாதுகாப்பானது, சுகமானது. அதன் விலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். 5 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர, திறந்தவெளியில் அடுப்பின் சூட்டில் பாதி வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், சுமார் 6.5 கிராம் எரிவாயு வேண்டும். ஒரு வாளி 10 லிட்டர் என்றால் 65 கிராம். பதினைந்து பேர் கொண்ட குழுவில் எல்லாரும் ஒரு நாள் குளித்தால் ஏறக்குறைய ஒரு கிலோ எரிந்துவிடும். அந்த சிலிண்டரைச் சுமந்து வருவது கோவேறு கழுதையும், அதை ஓட்டிவரும் மனிதரும். எரிவாயு தீர்ந்த முகாம்களில் விறகு தேடப்படுவதும் உண்டு. மரங்கள் வளராத அந்த உயரத்தில் ஒரு புதர் முளைக்க எத்தனை கோடை வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால், காசு கொடுத்தாலும் இதைக் கேட்க மனம் வராது. காய்ச்சலிலிருந்து தேறுகிறவருக்கு, அல்லது உடம்பெல்லாம் சேறாகி வந்தவருக்கு மட்டும் விதிவிலக்கு.

வெட் வைப்ஸ் இன்று எல்லாருடைய மூட்டையிலும் இருக்கிறது. நீர் வேண்டாம், நேரம் வேண்டாம், கூடாரத்துக்குள் உட்கார்ந்தபடியே முடித்துவிடலாம் என்பவை உண்மையான வசதிகள். அதன் குறைகளோ வாங்கும்போது தெரிவதில்லை. எண்பது துணி கொண்ட பெரிய பொட்டலம் அரைக் கிலோவை நெருங்கும். அந்த எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான், ஓடை ஓடும் இடத்துக்குத் தண்ணீரை முதுகில் சுமந்து போகிறோம். கடுங்குளிரில் பொட்டலமே உறைந்து கட்டியாகிவிடுவதால், காலையில் அதைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிப் பிரிக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும்விட, கடைகளில் கிடைக்கும் வைப்ஸில் மிகுதியும் பாலியஸ்டர், பாலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் இழைகள் கலந்தவை. பார்வைக்குக் காகிதம்போல இருப்பதால் குழியில் போட்டால் மக்கிவிடும் என்று நம்பிப் போட்டுவிட்டு வருகிறார்கள். சிக்காவைத் தாண்டிய பாதையோரப் பாறை இடுக்குகளில், எந்த ஆண்டு யார் வீசியதென்று தெரியாமல், வெளுத்துப்போய்க் கிழியாமல் கிடந்த அவற்றை இரண்டாம் முறை நாங்கள் பொறுக்கி ஒரு பை நிரப்பினோம். பயன்படுத்தியவற்றை ஒன்று விடாமல் ஜிப் வைத்த பையில் போட்டு மணாலிக்குத் திரும்பக் கொண்டுவருவேன் என்று உறுதி சொல்ல முடிந்தவர், அவசரத்துக்கு ஒரு பத்துத் துணி எடுத்துப்போகலாம். அதற்கு மேல் தேவை இல்லை.

நான் தேர்ந்தெடுப்பது துண்டு. கிராமத்தில் காய்ச்சல்காரருக்கு உடம்பு துடைத்துவிடும் அதே முறைதான். மலைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஈரோட்டுப் பருத்தித் துண்டு வேண்டாம், அது அங்கே காயாது. கைக்குட்டையைவிடச் சற்றுப் பெரிய மைக்ரோஃபைபர் துணிகள் இரண்டு போதும், ஒன்று முகத்துக்கும் மேலுடம்புக்கும், மற்றொன்று இடுப்புக்குக் கீழே. முகாமுக்கு வந்தவுடன், வெயில் இன்னும் இருக்கும்போதே, சமையல்காரரிடம் அரை லிட்டர் வெந்நீர் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் நேரம் பார்த்துக் கேட்டால் தனி எரிவாயு ஆகாது. கூடாரத்துக்குள் உட்கார்ந்து முகம், காதுமடல், பிடரி, அக்குள், மார்பு என்று மேலிருந்து துடைத்து, துடைத்த பகுதியை உடனே உலர்த்தி மூடிக்கொண்டு, அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். கடைசியில் இரண்டாவது துணியால் தொடை இடுக்கும் பாதமும். சோப்பு தேவையில்லை. முடிக்கும்போது குவளையில் மிஞ்சிய நீர் கட்டங்காப்பி நிறத்தில் இருக்கும். உடம்பிலிருந்து போனது எவ்வளவு என்பதற்கு அதுவே சாட்சி. பத்து நிமிடம், அரை லிட்டர் நீர், இரவு நல்ல தூக்கம். இதைச் செய்த நாளுக்கும் செய்யாத நாளுக்கும் தொடை உராய்வில் உள்ள வேறுபாட்டை மறுநாள் முதல் ஏற்றத்திலேயே உணரலாம். வியர்வை காய்ந்து படியும் உப்புதான் உராய்வுப் புண்ணைத் தீவிரமாக்குகிறது. அதைத் துடைத்துவிட்டு, காலையில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொண்டால் போதும்.

துண்டில் சோப்பு போட்டுத்தான் தீர வேண்டும் என்பவர்களுக்காகவும், 'மக்கும் சோப்பு' என்ற சொல்லை நம்பி ஓடையில் பாத்திரமும் உடம்பும் கழுவுகிறவர்களுக்காகவும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அந்தச் சோப்புகளைச் சிதைப்பவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள். ஓடையில் விட்டால் அது சிதையும் முன் நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்து, நீர்ப்பூச்சிகளையும் மீனின் செவுள்களையும் பாதிக்கும். ஆகவே எந்தச் சோப்பு என்றாலும் ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர், அதாவது ஏறக்குறைய எழுபது எட்டு, தள்ளிப் போய்ப் பயன்படுத்தி, அழுக்கு நீரை மண்ணில் பரவலாக ஊற்ற வேண்டும். நம் ஊர்ச் சரக்கு என்பதால் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் ஓடைக்குத் தீங்கு செய்யாது என்று நினைப்பதும் தவறு. அவற்றில் நுரை தருவது சாபோனின் என்ற பொருள். சாபோனின் உள்ள தாவரங்களை நசுக்கி நீரில் கலந்து மீனை மயங்கவைத்துப் பிடிப்பது உலகின் பல பகுதிகளில் பழங்கால வழக்கம். இயற்கையானது என்பதும் தீங்கற்றது என்பதும் ஒன்றல்ல. பயத்தமாவு மட்டும் ஓரளவு பரவாயில்லை, அதையும் ஓடையில் கரைக்க வேண்டாம்.

கழிப்பிடம் பற்றிப் பேசக் கூச்சப்படுவதால்தான் மலை நாறுகிறது. தனியாகவோ சிறு குழுவாகவோ போகிறவர்களுக்கு உலகெங்கும் சொல்லப்படும் முறை, நீர்நிலை, பாதை, முகாம் மூன்றிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி, முடித்ததும் மூடிவிடுவது. சிக்கா வரையிலான காட்டுப் பகுதியில் கருப்பு மண் உண்டு, இது அங்கே சரியாக வேலை செய்யும். பாலு கா கேராவிலும் ஷியா கோருவிலும் மணலும் கூழாங்கல்லும்தான். குளிரும் சேர்ந்து மக்குவது மிக மெதுவாக நடக்கும், பக்கத்தில் ஓடையும் இருக்கும். குழுவை நடத்துகிறவர்கள் அங்கே கூடாரம் அடித்துப் பொதுக் குழி தோண்டுகிறார்கள். தனித்தனியாக நாற்பது இடத்தைக் கெடுப்பதைவிட ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டி, ஒவ்வொரு முறையும் மண் தூவி மூடுவது மேல் என்பது என் கருத்து. ஆனால் அந்தக் குழி ஓடையிலிருந்து எவ்வளவு தூரத்தில் தோண்டப்படுகிறது என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டும். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாத குழுவோடு நான் போவதில்லை.

மூன்றாவது வழி, மலத்தைப் பையில் அடைத்துத் திரும்பக் கொண்டுவருவது. கேட்கும்போது முகம் சுளிக்கும், ஆனால் இது நடைமுறையில் உள்ளதுதான். அமெரிக்காவின் விட்னி மலையில் ஏறுகிறவர்களுக்கு இது கட்டாயம். எவரெஸ்ட் பகுதியில் 2024 முதல் ஏறுகிறவர்கள் பையோடு போய்ப் பையோடு திரும்ப வேண்டும் என்று உள்ளாட்சி நிர்வாகம் விதித்தது. குளிரில் எதுவும் மக்காது என்ற உண்மையை அந்த மலைகள் ஒப்புக்கொண்டுவிட்டன. நம் இமயமலைப் பாதைகள் அங்கே போய்ச் சேர்வதற்கு முன் மூடப்பட்டுவிடுமோ என்ற அச்சம் எனக்கு உண்டு. 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 'புக்யால்' எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கே தடை விதித்தது. ரூப்குண்ட் பாதையின் பேத்னி புல்வெளியில் கூடாரம் போட்டவர்கள் விட்டுச்சென்ற குப்பையையும் குழிகளையும் பார்த்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு வியப்பளிக்கவில்லை.

காகிதமா, தண்ணீரா என்ற கேள்வியில் நம் பழக்கம் நமக்குக் கைகொடுக்கிறது. காகிதம் பயன்படுத்தினால் அதைப் பையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலோர் செய்வதில்லை, காற்று அதைப் புல்வெளி முழுக்கப் பரப்பிவிடுகிறது. அரை லிட்டர் புட்டியின் வாயில் திருகும் சின்னப் பீச்சுமூடி ஒன்று இருந்தால் 200 மில்லி நீரில் வேலை முடிந்துவிடும். பொதுக் குழியில் நீர் மிகுந்தால் நாற்றமும் கசிவும் கூடும் என்பதால், குவளை குவளையாக ஊற்றும் வீட்டுப் பழக்கத்தை மட்டும் அங்கே விட வேண்டும். பின் சோப்பு.

தலைமுடிக்கு உலர் ஷாம்பூவைப் பரிந்துரைக்கிறார்கள். ஐந்து நாளுக்கு அது தேவையற்ற எடை. பின்னிக் கட்டி, பருத்தித் துணியால் மூடிக்கொள்வதே போதும். எண்ணெய் வைத்துக்கொள்ளலாம் என்று தேங்காய் எண்ணெய் எடுத்துப்போகிறவர்களுக்கு ஒரு செய்தி: 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கிவிடும், சிக்காவிலேயே புட்டிக்குள் வெள்ளைக் கட்டியாக நிற்கும்.

உடையில் நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்றுதான்: தூங்குவதற்கென்றே ஒரு சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு ஜோடி காலுறை தனியாக நெகிழிப் பையில் இருக்க வேண்டும். துடைத்த உடம்பில் நாள் முழுக்க நடந்த உடையையே போட்டுப் படுத்தால் துடைத்தது வீண். பகலில் உடுத்த, பாலியஸ்டர் சட்டை சீக்கிரம் காயும், ஆனால் இரண்டாம் நாளே நாறும். மெரினோ கம்பளிச் சட்டை விலை கூடுதல், நான்கு நாள் தொடர்ந்து போட்டாலும் வாடை மிகக் குறைவு. பணம் ஒரு தடையில்லை என்றால் மெரினோ ஒன்று. தடை என்றால் பாலியஸ்டர் இரண்டு. பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம், நனைந்தால் உடம்பிலேயே ஒட்டிக் குளிரைக் கூட்டும். சத்ருவுக்கு இறங்கும் முன் ஷியா கோருவில் ஓடையைக் காலால் கடக்க வேண்டியிருக்கும். அக்கரை ஏறியதும் விரல் இடுக்கை உலரத் துடைத்து, புதுக் காலுறை போடாமல் நடையைத் தொடரக் கூடாது.

பெண்களிடமிருந்து நான் கேட்டறிந்ததை அவர்கள் சொன்னபடியே வைக்கிறேன். மாதவிடாய் நாள்கள் பயணத்தோடு சேர்ந்து வந்தால், ஏற்கெனவே சில மாதங்கள் மாதவிடாய்க் குப்பி பயன்படுத்திப் பழகியவர்களுக்கு அதுவே மலையில் மிகச் சிறந்தது; 12 மணி நேரம் வரை தாங்கும், குப்பை இல்லை. ஆனால் சோப்பு போட்டுக் கழுவிய கை அதற்குக் கட்டாயம். புறப்படும் முன் வீட்டிலேயே கொதிக்கவைத்துவிட வேண்டும். மலையில் முதல்முறையாக முயன்று பார்க்கக்கூடாது. பழகாதவர்களுக்கு நாப்கின்தான் சரி. பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுற்றி, ஒளி ஊடுருவாத இரட்டைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும், குழியில் புதைக்கக் கூடாது. துணி வீட்டில் நல்ல வழி, ஆனால் வெயிலில் நன்றாகக் காய்ந்தால்தான் அது சுத்தம். மேகம் மூடிய முகாமில் காயாது. குழுவில் ஒரு பெண் வந்தாலும், குப்பைப் பையை எங்கே வைப்பது என்பதை வழிகாட்டி முதல் நாளே எல்லார் முன்னிலையிலும் இயல்பாகச் சொல்லிவிட்டால் அவர்களுக்குப் பாதிச் சுமை குறைகிறது.

இதுவரை சொன்னதை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்படியே எடுத்துப்போகக் கூடாது. அகத்தியர்கூடம் போன்ற பாதையில், போனக்காட்டிலிருந்து நடந்து அதிருமலையில் இரவு தங்கும்போது, குளிரைவிட வியர்வையும் அட்டையும் உண்ணியும்தான் பிரச்சினை. புல்லிலும் புதரிலும் இருக்கும் நுண்ணிய பூச்சிகளால் பரவும் உண்ணிக்காய்ச்சல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உண்டு. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கருகிய சிறு புண் பலருக்குத் தெரியும். அங்கே மாலையில் உடம்பு முழுவதையும் தேய்த்துக் கழுவி உடை மாற்றுவது சுகத்துக்காக மட்டுமன்று, நோய்த் தடுப்புக்காகவும்தான். ஆகவே அந்தக் காட்டில் என் தேர்வு தலைகீழாகிறது: வனத்துறை வழிகாட்டி காட்டும் இடத்தில், அவர் அனுமதிக்கும் நேரத்தில், சோப்பில்லாமல் குளியல், பின் அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம் ஆகியவற்றை வெளிச்சத்தில் பார்த்து உண்ணியைத் தேடுவது. காலில் திறந்த புண் இருந்தால் தேங்கிய நீரில் இறங்காமல் இருப்பது நல்லது, எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியாக நுழையக்கூடும். பொழுது சாய்ந்த பிறகு நீர்நிலைக்குப் போகவே கூடாது. அது விலங்குகள் நீருக்கு வரும் நேரம்.

ஹம்ப்தாவுக்கு நான் கடைசியாகப் போனபோது சுத்தத்துக்கென்று மூட்டையில் வைத்தவை: 50 மில்லி திரவ சோப்பு, துளையிட்ட மூடி, பீச்சுமூடி, மைக்ரோஃபைபர் துணி இரண்டு, சின்னச் சானிடைசர், வாசலின், பல்துலக்கி, பாதியாகிவிட்ட பற்பசை, குப்பைக்கு ஜிப் பைகள் நான்கு, தூங்கும் உடை. உடையைத் தவிர்த்து எல்லாம் சேர்ந்து 300 கிராமுக்குள் அடங்கின.

சத்ருவிலிருந்து வண்டியேறி மணாலி திரும்பியதும் எல்லாரும் ஓடுவது வசிஷ்ட் வெந்நீர் ஊற்றுக்கு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனித் தொட்டிகள், கந்தக வாடை அடிக்கும் சூடான நீர், ஐந்து நாள் நடந்த கால்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் தொட்டி பொது. ஊர்க்காரர்கள் தினமும் குளிக்கும் இடம். விடுதியில் ஒரு வாளி நீரில் சோப்பு போட்டு அழுக்கைப் போக்கிவிட்டுப் பிறகு அங்கே போவதுதான் முறை. குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தால் அன்றைக்கு விடுதி வாளியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். புண் ஆறிய பிறகு இன்னொரு பயணத்தில் தொட்டிக்குப் போய்க்கொள்ளலாம்.